பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க! - பட்டினப்பாக்கம் வீட்டில் ஒரு ஃப்ரீசர் பரீட்சை

மாலை ஆறரை மணி. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பத்தாம் வகுப்புப் பையன் வீட்டுக்கு வருகிறான். ஏழேகாலுக்கு டியூஷன். நடுவில் இருக்கும் முக்கால் மணி நேரத்துக்குள் அவன் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். அம்மா ஆபீஸிலிருந்து வர எட்டு மணி ஆகிவிடும். அப்பா அதற்கும் மேல். வீட்டில் இருப்பது பாட்டி மட்டும்தான். பாட்டிக்கோ முட்டிவலி. அடுப்பு முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது.

பட்டினப்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் கடந்த சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும் கதை இது. பட்டினப்பாக்கத்தில் மட்டுமா? இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பாதிக்கு இதே கதைதான்.

பையன் பெரும்பாலும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஓடினான். சில நாள்களில் போனில் ஆர்டர் போட்டான். மாதக் கடைசியில் அந்தக் கணக்கைப் பார்த்த அம்மாவுக்குத் தலை சுற்றியது.

“ஃப்ரீசர்ல நாலு பாக்கெட் வாங்கி வெச்சிடலாம் அத்தை. பரோட்டா, அந்த மக்ரோனி சீஸ்... சூடு பண்ணினா போதும்” என்றார் மருமகள்.

“ஐஸ்ல கெடந்ததைத் தின்னா உடம்பு என்னத்துக்கு ஆகும்?” என்றார் மாமியார். “நான் இருக்கும்போது பிள்ளைக்குப் பாக்கெட் சோறா?”

அந்த இரண்டாவது கேள்வியில்தான் நிஜமான வலி இருந்தது. பேரன் பிறந்ததிலிருந்து அவனுக்குச் சூடாகச் செய்து போட்ட கை அது. மருமகள் அதற்குமேல் வாதாடவில்லை. “ஒரு தடவை வாங்கி எல்லாருமா ருசி பார்ப்போம். நீங்க வேண்டாம்னா வேண்டாம்” என்றார். பரீட்சைக்கு நாள் குறித்தாயிற்று.

கடை பிராண்டா, கம்பெனி பிராண்டா?

மந்தைவெளிப் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட். ஃப்ரீசர் கண்ணாடியைத் திறந்தால் பரோட்டாவிலேயே இரண்டு வகை. ஒன்று, டிவி விளம்பரத்தில் வரும் கம்பெனியுடையது. இன்னொன்று, அந்தக் கடையே தன் பெயரில் விற்பது. மக்ரோனி சீஸும் கடை பிராண்டில் ஒரு தட்டு இருந்தது. கம்பெனி பரோட்டாவைவிடக் கடை பரோட்டா விலை குறைவு.

விலை குறைந்தால் தரமும் குறைவு என்று நினைப்பது நம் பழக்கம். எப்போதும் அப்படி இல்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சொந்தமாகத் தொழிற்சாலை வைத்துக்கொள்வது குறைவு. உணவு தயாரிக்கும் நிறுவனங்களிடம் செய்யச் சொல்லி, தங்கள் கவரில் போட்டு வாங்கிக்கொள்கின்றன. விளம்பரச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தில் ஒரு பங்கு விலையில் தெரிகிறது.

யார் செய்தது என்பதைக் கவரின் பின்பக்கம் சொல்லிவிடும். தயாரித்தவர் பெயரும் முகவரியும் ஓரிடத்திலும், விற்பனை செய்பவர் பெயர் வேறிடத்திலும் இருக்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண்ணும் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. இரண்டு பாக்கெட்டிலும் ஐந்து பரோட்டா என்றாலும் எடை ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்று 400 கிராம், இன்னொன்று 325 கிராம் என்று இருந்தால், மலிவாகத் தெரிவது மலிவே இல்லாமல் போகலாம். இதற்காகத்தான் ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற விலையையும் இப்போது எம்.ஆர்.பி.யுடன் அச்சிடுகிறார்கள். சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுப் பார்த்தால் லாபம் நமக்குத்தான்.

முதல் பரீட்சையில் ஃபெயில்

முதல் சனிக்கிழமை வாங்கிய பாக்கெட்டுகள் ருசி பார்க்கும் நிலைக்கே வரவில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் முதலில் ஃப்ரீசர் சாமான்களை எடுத்தார்கள். பிறகு அரிசி, பருப்பு, சோப்பு. பில் போடும் இடத்தில் கூட்டம். வெளியே வந்து, ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு மீன் வாங்க லூப் ரோடு பக்கம் வண்டியைத் திருப்பினார்கள். நொச்சிக்குப்பத்தில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட நவீன மீன் அங்காடியில் 366 கடைகள். ஒரு சுற்று வந்தாலே அரை மணி நேரம் போய்விடும்.

மீன்கார அக்காதான் முதலில் கவனித்தார். பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா இது, ஐஸ் சாமானை இப்புடி வெயில்ல தூக்கினு சுத்துற? மீனுக்கே நாங்க ஐஸ் மேல ஐஸ் போட்டு வெச்சிருக்கோம். ஐஸ் போச்சுன்னா சரக்கு போச்சும்மா!”

சொன்னது சரிதான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பரோட்டாக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே உருண்டை. அவசரமாக ஃப்ரீசரில் தள்ளினார்கள். மறுநாள் அது கல். கரண்டியால் நெம்பி எடுத்துக் கல்லில் போட்டால், அடுக்கு பிரியாமல் அப்பளம்போல உடைந்தது. “நான் சொல்லல?” என்றார் பாட்டி.

குற்றம் பரோட்டாவுடையது அல்ல, பயணத்துடையது. உறைந்த உணவை மைனஸ் 18 டிகிரியில் வைத்திருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள கணக்கு. அந்தக் குளிரில் கிருமிகள் சாவதில்லை, தூங்குகின்றன. உருகினால் விழித்துக்கொண்டு பெருகும். திரும்ப உறையவைத்தால் பெருகிய கிருமிகள் அப்படியே இருக்கும். அதோடு, வீட்டு ஃப்ரீசரில் மெதுவாக உறையும்போது பெரிய பெரிய ஐஸ் கட்டிகள் உருவாகி உணவின் பதத்தையும் கெடுத்துவிடும். அதனால்தான் ‘உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள்’ என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறார்கள்.

ஐஸ் ஹவுஸ் சொல்லும் பழைய பாடம்

இந்த உருகும் கணக்கை இந்தக் கடற்கரை கிட்டத்தட்ட இருநூறு வருடங்களுக்கு முன்பே பார்த்திருக்கிறது. பட்டினப்பாக்கத்திலிருந்து மெரினா வழியாக வடக்கே போனால் விவேகானந்தர் இல்லம் வரும். இன்றைக்கும் அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்றுதான் பெயர். 1840-களில் அந்தக் கட்டடம் எழுந்தது ஐஸ் சேமிக்கத்தான்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குளிர்காலத்தில் உறையும் ஏரிகளிலிருந்து ஐஸை வெட்டி, மரத்தூள் போட்டுப் பொதிந்து, கப்பலில் ஏற்றி அனுப்பியவர் ஃபிரெடெரிக் டியூடர். 1833-ல் கல்கத்தாவுக்குப் போன அவருடைய முதல் கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றினார்கள். நான்கு மாதப் பயணம் முடிந்து இறங்கியது சுமார் 100 டன். போனது போக மிச்சம்தான் வியாபாரம். பிற்பாடு இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் அந்தத் தொழில் முடிந்துபோனது.

ஐஸில் வைப்பது வேறு, உணவையே உறையவைப்பது வேறு. இரண்டாவதுக்கு வழி காட்டியவரும் ஓர் அமெரிக்கர்தான், கிளாரன்ஸ் பேர்ட்ஸ் ஐ. கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தபோது, இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிரில் நொடியில் உறைவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் அது புது மீன்போல இருப்பதையும் கவனித்தார். வேகமாக உறைந்தால் ஐஸ் கட்டிகள் பொடிப்பொடியாக இருக்கும். உணவின் திசு கிழியாது. இதை வைத்து இயந்திரம் செய்தார். 1930 மார்ச் 6-ம் தேதி, அதே மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஊர்க் கடைகளில் உறைந்த உணவுப் பாக்கெட்டுகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன.

ஆக, நல்ல பாக்கெட் என்பது தொழிற்சாலையில் வேகமாக உறைந்து, நம் வீடு வரும்வரை ஒருமுறைகூட உருகாமல் இருந்த பாக்கெட். பிராண்ட் எதுவானாலும் இதுதான் முதல் தகுதி.

இரண்டாவது ஞாயிறு: தட்டில் துண்டுச் சீட்டு

அடுத்த வாரம் முறை மாறியது. முதலில் மீன். பிறகு மளிகை. ஃப்ரீசர் சாமான்கள் கடைசியில், பில் போடும் முன்னால். கையோடு ஒரு தெர்மோகோல் பெட்டி. பாக்கெட்டை அழுத்திப் பார்த்து, பரோட்டாக்கள் தனித்தனியாக அசைகின்றனவா என்று சோதித்து எடுத்தார்கள். கவருக்குள் பனி மண்டியிருந்தால் அது ஏற்கெனவே ஒருமுறை உருகி உறைந்திருக்கலாம் என்பதால் அப்படிப்பட்டதைத் தொடவில்லை.

ஞாயிறு மதியம் மூன்று தட்டுகள். ஒன்றில் கம்பெனி பரோட்டா, ஒன்றில் கடை பிராண்ட், ஒன்றில் தெருமுனை ஹோட்டலில் அப்போது வாங்கி வந்தது. எது எதில் என்று தட்டின் அடியில் சீட்டு. பையனின் அப்பா மட்டும்தான் ரகசியம் தெரிந்தவர். நடுவில் வஞ்சிரம் மீன் குழம்பு. அது பாட்டி உட்கார்ந்தபடியே புளி கரைத்து, அளவு சொல்லி, மருமகள் கையால் வைத்தது.

உறைந்த பரோட்டாவை உருகவிடாமல் நேராகச் சூடான தோசைக்கல்லில் போட வேண்டும். இரண்டு பக்கமும் பொன்னிறம் வந்ததும், இரண்டு கையாலும் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டினால் அடுக்கு விரியும். இதைச் செய்யாமல் தட்டில் வைத்தால் எந்தப் பரோட்டாவும் ரப்பர்தான்.

முடிவு? ஹோட்டல் பரோட்டாவை எல்லாரும் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தக் கல்லின் வாசனையை எந்த ஃப்ரீசரும் தராது. ஆனால், மற்ற இரண்டில் எது கம்பெனி, எது கடை என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. பாட்டி “இது நல்லா பிரியுது” என்று கைகாட்டியது கடை பிராண்ட்.

பரோட்டா ஃப்ரீசருக்குப் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. அடுக்குகளுக்கு நடுவே எண்ணெய், அரைவேக்காடு, குறைந்த ஈரம். உறையும்போது கெடுவதற்கு அதில் அதிகம் இல்லை. தயிர்சாதத்தை ஃப்ரீசரில் வைத்தால் தயிர் திரிந்து தண்ணீர் தனியாகும். சாம்பாரில் கிடக்கும் உருளைக்கிழங்கு பஞ்சாகிவிடும். எல்லா உணவும் ஐஸைத் தாங்காது.

பரோட்டா ரொட்டியா? கோர்ட்டு வரை போன கேள்வி

சாப்பாட்டு மேஜையில் ‘போன வருஷத்தைவிட விலை மாறியிருக்கிறதே’ என்ற பேச்சும் வந்தது. அதற்குப் பின்னால் ஒரு வழக்குக் கதையே உண்டு.

ரொட்டி, சப்பாத்திக்கு 5 சதவிகித ஜி.எஸ்.டி. இருந்த காலம். 2020-ல் ஐடி ஃபிரெஷ் நிறுவனம், தங்கள் பரோட்டாவும் அதே வகைதானே என்று கர்நாடக ஜி.எஸ்.டி. முன்தீர்ப்பு ஆணையத்திடம் கேட்டது. ‘இல்லை, இதைச் சாப்பிடும் முன் மறுபடி சூடாக்க வேண்டும், எனவே ரொட்டி இல்லை, 18 சதவிகிதம்’ என்றது ஆணையம். சமூக வலைதளங்களில் பரோட்டா ரசிகர்கள் பொங்கி எழுந்தார்கள். 2024 ஏப்ரலில் மாடர்ன் நிறுவனத்தின் மலபார் பரோட்டா வழக்கில், 5 சதவிகிதம்தான் சரி என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கடைசியில், 2025 செப்டம்பர் 22 முதல் பரோட்டா, சப்பாத்தி எல்லாவற்றுக்குமே வரி இல்லை என்றாகிவிட்டது. அதே நாளில் மக்ரோனிக்கும் சீஸுக்கும் 12 சதவிகிதம் 5 ஆகக் குறைந்தது.

மக்ரோனி சீஸ்: பையனுக்கு 9, பாட்டிக்கு 3

இது பையனின் ஆசை. நியூஜெர்சியில் இருக்கும் அவன் அத்தை வீட்டுப் பிள்ளைகள் வீடியோ காலில் சாப்பிடுவதைப் பார்த்து வந்த ஆசை. நமக்குப் பருப்பு சாதம் எப்படியோ, அமெரிக்கக் குழந்தைகளுக்கு மக்ரோனி அண்டு சீஸ் அப்படி. 1937-ல் கிராஃப்ட் நிறுவனம் அதை டப்பாவில் போட்டு, நான்கு பேர் சாப்பிடலாம் என்று 19 சென்ட்டுக்கு விற்றது. இரண்டாம் உலகப் போரின் ரேஷன் காலத்தில் வீட்டுக்கு வீடு பரவியது. ஃப்ரீசர் தட்டு அதன் பிறகு வந்த வடிவம்.

மைக்ரோவேவில் பாதி நேரம் சூடாக்கி, வெளியே எடுத்துக் கிளறி, மீதி நேரம் வைத்தார்கள். கிளறாவிட்டால் ஓரம் கொதிக்கும், நடுவில் ஐஸ் இருக்கும். பையன் பத்துக்கு ஒன்பது கொடுத்தான். அம்மா மேலே மிளகுத்தூளும் பொடியாக நறுக்கிய பச்சை மிளகாயும் தூவிய பிறகு ஏழு கொடுத்தார். பாட்டி ஒரு ஸ்பூன் வாயில் போட்டுவிட்டு, “குழைஞ்ச பால் சோறு மாதிரி இருக்கு. உப்புதான் தூக்கல். மூணு மார்க்” என்றார்.

உப்பு என்றதும் மருமகள் தட்டைத் திருப்பினார். பாட்டி பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்.

இங்கேதான் கவனம் வேண்டும். பாக்கெட்டில் உப்பு என்று இருக்காது, சோடியம் என்று இருக்கும். அதுவும் பெரும்பாலும் 100 கிராமுக்கு. 400 மில்லிகிராம் என்று பார்த்தால் சின்ன எண்ணாகத் தெரியும். தட்டு 300 கிராம் என்றால், முழுசாகச் சாப்பிட்டவர் உடம்பில் சேர்வது 1,200 மில்லிகிராம் சோடியம். அதாவது சுமார் 3 கிராம் உப்பு. ஒருவர் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடும் உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தட்டிலேயே பாதிக்கு மேல் முடிந்தது.

சோடியம் உப்பிலிருந்து மட்டும் வருவதில்லை. உறைந்து சூடாகும்போது சீஸ் திரிந்து எண்ணெய் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் சிட்ரேட், சோடியம் பாஸ்பேட் போன்றவற்றிலிருந்தும் வரும். ஐ.என்.எஸ். 331, 339 என்ற எண்கள் அவற்றைக் குறிக்கும். அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால், பி.பி. இருப்பவர் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சேர்மானப் பட்டியலில் எது அதிகமோ அதுதான் முதலில் வரும். சீஸ் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தண்ணீர், ஸ்டார்ச், பாமாயில் எல்லாம் முன்னால் வந்து சீஸ் பின்னால் இருந்தால், பெயரில்தான் சீஸ் அதிகம். பரோட்டாவிலும் இதே கதைதான். எந்த எண்ணெய், எவ்வளவு கொழுப்பு என்று பார்க்க வேண்டும். எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து அமலில் இருக்கிறது.

கரன்ட் போனால்?

சென்னைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி முக்கியம். கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்ளறை ஃப்ரீசரில் மைனஸ் 18 எட்டாமல் போகலாம். அதில் வைப்பதைச் சில நாள்களுக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

ஊருக்குப் போகும்போது ஒரு சின்ன யோசனை. ஒரு கிண்ணத் தண்ணீரை ஃப்ரீசரில் உறையவைத்து, மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் கவலை இல்லை. அடியில் போய் உறைந்திருந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தச் சாமான்களை யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

வீட்டின் தீர்ப்பு

பட்டினப்பாக்கம் வீட்டில் கடைசியாக எடுத்த முடிவு இது. கடை பிராண்ட் பரோட்டா வாரத்தில் இரண்டு நாள். கூட, காலையில் வைத்த குருமாவோ குழம்போ. மக்ரோனி சீஸ் மாதத்தில் ஒரு முறை, அதுவும் ஒரு தட்டு இரண்டு பேருக்கு. பாட்டிக்கு அது இல்லை. மீதி நாள்களுக்கு ஞாயிறன்று அம்மாவும் பையனும் சேர்ந்து சப்பாத்தி தேய்த்து, அரைவேக்காடாகச் சுட்டு, நடுவே பட்டர் பேப்பர் வைத்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுகிறார்கள். அதுதான் உண்மையான வீட்டு பிராண்ட்.

பாட்டி முழுசாகச் சமாதானம் ஆகிவிட்டார் என்று சொல்ல முடியாது. “ஐஸ் சோறு ஐஸ் சோறுதான்” என்று இன்னமும் முணுமுணுக்கிறார்.

ஆனால், போன செவ்வாய்க்கிழமை மாலை ஆறரைக்குப் பேரன் வந்தான். கை கழுவினான். கல்லைப் போட்டு இரண்டு பரோட்டாவைச் சுட்டான். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “தட்டுடா, நடுவால தட்டு. அப்பத்தான் பிரியும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டு, இன்னொன்றைப் பிய்த்துக் குழம்பு ஊற்றி பாட்டி கையில் கொடுத்தான் பேரன்.

ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு பாட்டி கேட்டது ஒரே கேள்விதான். “இது எந்தக் கடைடா?”

“பாட்டி, இது அம்மா தேய்ச்ச சப்பாத்தி மாவு தீர்ந்ததால எடுத்த கடை பிராண்ட். உங்களுக்குப் பிடிச்சதுதான்!”

“அப்படின்னா குழம்புதான் நல்லாருக்கு” என்றார் பாட்டி, விட்டுக்கொடுக்காமல்.